வீடு வந்தது, தரை வரவில்லை

செல்வின் அனுப்பிய பெட்டியில் வீடு இருந்தது, வீட்டின் மேல் புகைக்கூண்டு இருந்தது, வாசலில் நட ஒரு விளக்குக் கம்பமும் பஸ் நிற்கிற இடத்தில் வைக்கக் கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கொட்டகையும் இருந்தன, ஆனால் இத்தனையும் நிற்பதற்குத் தரை மட்டும் இல்லை. பிரகாசி மைனி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், உள்ளே திணித்திருந்த காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினாள், பிறகு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னிடம், "வீடு வந்துட்டு, தரை வரலை" என்று சொன்னாள். தபாலில் எங்கேயோ தரை தங்கிவிட்டது, நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும் என்பது போல இருந்தது அவள் சொன்னது.

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற பாதையில், அந்தோணியார் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. வெயில் எங்களுக்குப் பழக்கம், உப்புக் காற்று பழக்கம், சுவரில் பூசிய சுண்ணாம்பு வருசம் திரும்புவதற்குள் பொரிந்து உதிர்வதும் பழக்கம். செல்வின் மைனிக்கு ஒரே மகன். அவன் அப்பா இறந்த பிறகு கனடாவுக்குப் போனான், ஒரு வீட்டின் அடியில், பாதி மண்ணுக்குள் இருக்கிற அறையில் வாடகைக்கு இருக்கிறான். பெட்டி வந்த அன்று போனில் சொன்னான், "நான் இருக்கற வீடு அச்சு அசலா இதேதாம்மா. கடையில பார்த்ததும் வாங்கிட்டேன். குடிலுக்குப் பக்கத்துல வைங்க." இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டான் என்பதை அவன் அப்படித்தான் சொன்னான். மைனியும் அதை அப்படியே புரிந்துகொண்டு, "நல்லாருக்குப்பா, சன்னல்லாம் வச்சிருக்கானே" என்றாள்.

எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு குடில் கட்டுவோம். ஆளுக்கு ஆள் ஒன்றில் கெட்டி. ஒருத்தி வைக்கோல் கூரையை அழகாக வேய்வாள், ஒருத்தி நட்சத்திரத்துக்கு விளக்குப் போடுவதில் கெட்டிக்காரி, தரை என்றால் அது பிரகாசி மைனிதான். தரை தட்டையாக இருக்கக்கூடாது, மனுசன் மிதித்த தரை எங்கேயாவது கொஞ்சம் அமுங்கித்தான் கிடக்கும் என்பாள். அந்த வருசம் அவள் நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள், ஆனால் பெத்லகேம் கட்டவில்லை. பழைய மர பீரோவின் ஒரு கதவைக் கழற்றி, முன்னறையில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இரண்டு முக்காலிமேல் கிடத்தினாள். பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போட்டு அரைத்து மைதாப் பசையில் பிசைந்து அப்பி, மேடும் பள்ளமும் பிடித்தாள். கூழ் அரை ஈரமாக இருக்கும்போதே, காயவைத்து வறுத்த டீத்தூள் சக்கையை மேலே தூவினாள், அது மண் ஆனது. கரித்தூளைப் பசையில் குழைத்து இழுத்தாள், அது தார்ரோடு ஆனது. சிப்பியை இடித்து நடைபாதை போட்டாள், பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிக் காய்ந்த புல் நட்டாள், உடைமரக் குச்சியை ஒடித்து மரம் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மகனைக் கூப்பிட்டுக் கேட்டாள். வாசற்படி கீழே இறங்குமா மேலே ஏறுமா, பஸ் நிற்கிற இடம் சோற்றாங்கைப் பக்கமா பீச்சாங்கைப் பக்கமா, வழியில் மரம் உண்டா. முதலில் அவன் போனைத் திருப்பித் திருப்பித் தெருவையே காட்டினான். பிறகு, "அம்மா, வேலையில இருக்கேன், நீங்களே மனசுல தோணுறபடி வைங்க" என்றான்.

பனிதான் கடைசி வேலை. எங்கள் ஊரில் குடிலுக்குப் பனி என்றால் பஞ்சு, வேறு எதுவும் யாருக்கும் தோன்றியதில்லை. மைனி பஞ்சைப் பிய்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று எடுத்துவிட்டாள். கோலமாவு விற்கிறவனிடம் வெள்ளைக்கல் மாவு வாங்கிப் பசையில் குழைத்து, காற்று அடிக்கிற பக்கம் கனமாகவும் சுவர் மறைவில் மெல்லிசாகவும் பூசினாள், அது பழைய பனி. புதுப்பனிக்கு, பெட்டியில் வந்த தெர்மாகோலைத் தேய்த்துத் தூளாக்கினாள். "மேலேயிருந்து விழுறதக் கையால அப்பக்கூடாது, அதுவா விழணும்" என்று சொல்லி, டீ வடிகட்டியில் தூளைப் போட்டு உயரப் பிடித்து, சாயங்காலம் ஜெபமாலைக்கு உட்கார்ந்தபோது, ஒவ்வொரு அருள்நிறைந்த மரியேவுக்கும் வடிகட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். கூரைமேல் விழுந்தது, புகைக்கூண்டின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது, ரோட்டில், மரத்தில், கொட்டகையில், சொல்லச் சொல்ல விழுந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தூள் குளிர்ந்திருந்தது. மைனி வீட்டுத் தரையை மெழுகத் துணியோடு குனிந்தவள் பலகை விளிம்பில் கை வைத்தாள், விரல் நுனியில் ஒட்டியது உருகித் தண்ணீராக வழிந்தது. வாயில் வைத்துப் பார்த்தாள், ருசி ஒன்றும் இல்லை. "மாவு இல்லை, நெசப் பனிதான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பலகையடியில் தண்ணீர் சொட்டினால் பிடிக்க ஒரு சருவச்சட்டியை வைத்துவிட்டு, பால் வாங்கப் போனாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்ல நாங்கள் ஐந்தாறு பேர் கூடினோம். மூன்றாம் தேவ இரகசியம் சொல்லும்போது, வடிகட்டி ஆணியில் தொங்க, பலகைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்து பனி தானாக இறங்கத் தொடங்கியது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே பலகைமேல் நின்ற வீட்டின் கீழ் அறை வாசலில் ஒரு காலடிச் சுவடு விழுந்தது, எள்ளளவு. அதற்கு முன்னால் இன்னொன்று. எங்களுக்கு அந்தி சாய்ந்து குருசடி மணி அடிக்கிறபோது செல்வின் இருக்கிற ஊரில் விடியும். ஆள் தெரியவில்லை, நிழல் தெரியவில்லை, சுவடு மட்டும் படியேறி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, ரோட்டோரமாகவே போய், கண்ணாடிக் கொட்டகைக்குள் நுழைந்து நின்றது.

"அந்தா, பஸ் ஏறிட்டான்" என்றாள் மீன்கார வெரோணிக்காள். மைனி ஜெபத்தை நிறுத்தவில்லை. விடிந்து பார்த்தபோது, கொட்டகையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்த சுவடும் பனியில் கிடந்தது.

அதிலிருந்து அது எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் ஆகிவிட்டது. ஜெபமாலைக்கு வராதவர்களும் வந்தார்கள், பிள்ளை புறப்படுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னைக்கு வேகமா நடக்கான், பிந்திட்டு போல." "குளிக்காமப் போறான், பார்த்தாலே தெரியுது." "அப்பன் நடை அப்படியே, காலை அகட்டி அகட்டி." பகலில் பலகையைச் சுற்றி வேறு காரியங்கள் நடந்தன. கரண்டு போனால் மருந்துக்கடைத் தங்கதுரை தன் ஊசிமருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து அந்த வீட்டின் பின்னால் வைத்தார். பூக்காரி மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி மரத்தடியில் வைத்தாள். வெரோணிக்காள் ஒரு சீலா மீனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மைனி, விக்காமப் போச்சு. ஒம் மவன் வீட்டுக்குப் பின்னால ஒரு ஓரமா வச்சிக்கிடட்டா?"

"அவனுக்கு வாடை அடிச்சிருமே வெரோணி."

"அடிக்கட்டும். எத்தனை வருசமாச்சு பிள்ளை நல்ல மீன் வாடையை மோந்து."

மீன் பலகையின் மூலையில், காம்பவுண்டு சுவர் மாதிரி நீளமாகக் கிடந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஆசீர்வாதம் அண்ணனின் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவர் தன் வீட்டு பீரோக் கதவையே கழற்றித் தலையில் சுமந்து வந்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடும்மா, மண்ணு போதும், பனி வேண்டாம்" என்றார். மைனி செய்துதான் கொடுத்தாள், ஜெபமும் சொன்னாள், ஆனால் அந்தப் பலகையில் எறும்பைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அங்கே பனியும் இல்லை, மணலும் இல்லை, அதனால் நான் எதுவும் கேட்கவில்லை.

பங்குச் சாமியாரும் வந்தார். பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார், அங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக் கொட்டகைக்குள், குடிலுக்கென்று வைத்திருந்த சூசையப்பர் சுரூபம் கையில் விளக்கோடு நின்றுகொண்டிருந்தது.

"இவரு எங்கம்மா போறாரு, பஸ்ஸுக்கா?"

"எங்கேயும் போகலை சாமி. பிள்ளை தனியா நிக்க வேண்டாமேன்னு வச்சேன்."

சாமியார் தலையை ஆட்டினார். மேலிடத்துக்கு எழுதவா வேண்டாமா என்று வாசல்வரை போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, "சூசையப்பருக்கு ஒரு துண்டாவது போர்த்துங்கம்மா, இந்தக் குளிருல நிக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மைனி பழைய கம்பளிக் காலுறையில் ஒரு துண்டு வெட்டிப் போர்த்தினாள்.

கூட்டம் போன பிறகு வீட்டில் மைனியும் அந்தப் பலகையும்தான். ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் ரசம் கொண்டு போகும்போதெல்லாம் அப்படித்தான் பார்த்தேன். சுவட்டில் அவள் பார்த்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வலது காலின் சுவடு மட்டும் நுனியில் கலங்கியிருந்தது, அங்கே சப்பாத்து கிழிந்து பனி உள்ளே போய் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அடுத்த தடவை அவன் பேசியபோது, "நல்ல சப்பாத்து ஒண்ணு வாங்கிப் போடுப்பா" என்றாள்.

"ஏம்மா திடீர்னு?"

"சும்மாதான். குளிருமேன்னு."

"வாங்குறேம்மா" என்றான்.

பிறகு சுவடு குறைந்தது. ஒரு நாள் போவான், ஒரு நாள் போகமாட்டான். போகிற நாளில் கொட்டகைவரை போய், பஸ் ஏறாமலே திரும்பி வருவான், போன சுவட்டின்மேலேயே கால் வைத்து வருவான். அப்புறம் ஒரு சாயங்காலம் பனி இறங்கியது, ஜெபமாலை முடிந்தது, பிரார்த்தனையும் முடிந்தது, வாசலில் ஒன்றும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை, அதற்கடுத்த நாளும் விழவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பாதி கடந்திருந்தது, குடிலில் வைக்கப் பாலனைத் துடைத்து எடுத்து வைத்திருந்தோம், பனி மட்டும் முன்பைவிட அதிகமாக, ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே அவன் போன் வந்தது. மைனிக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாக வைத்துத்தான் பேசுவாள்.

"எங்கப்பா இருக்க?"

"வேலையிலதாம்மா. இப்பதான் வந்து உக்காந்தேன்."

நாங்கள் அத்தனை பேரும் பலகையைப் பார்த்தோம். வாசலிலிருந்து ரோடுவரை, ரோட்டிலிருந்து கொட்டகைவரை, ஒரு சிட்டுக்குருவி மிதித்த தடம்கூட இல்லாமல் பனி வெள்ளைவெளேரென்று கிடந்தது.

"சரிப்பா" என்றாள் மைனி. "தண்ணி நிறையக் குடி. வேளைக்குச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டு, "வேலை ரொம்ப இருக்கும்போல" என்று எங்களிடம் சொன்னாள். "ஆமா மைனி, ரொம்பத்தான்" என்று நாங்கள் சொன்னோம்.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது. உன் காலடியை இங்கே உட்கார்ந்து எண்ணுகிறோம் என்று எந்தத் தாய் சொல்லுவாள். அதற்குப் பிறகு போன் அடித்தால் அவன் எடுப்பதில்லை, "வேலை அம்மா, அப்புறம் பேசுறேன்" என்று எழுத்தாக மட்டும் வந்தது. பலகையில் பனி ஏறிக் கீழ் அறையின் சன்னலை மூடியது, பிறகு கதவின் பாதியை, பிறகு கதவையே மூடியது. அறையின் சன்னலில் எப்போதும் தெரிகிற கடுகளவு வெளிச்சமும் தெரியவில்லை. மைனி கரண்டியால் பனியை அள்ளி அள்ளிச் சருவச்சட்டியில் போட்டாள். கை மரத்துப்போகும், அடுப்பில் காட்டிவிட்டு மறுபடி அள்ளுவாள். அள்ளினது அவ்வளவும் சாயங்காலத்துக்குள் திரும்ப இறங்கிவிடும். ஜெபத்தை நிறுத்தினால் பனி நிற்குமோ என்று வெரோணிக்காள் ஒருநாள் கேட்டாள். மைனி அவளைப் பார்த்த பார்வையில் அவள் மீன்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் ஆசீர்வாதம் அண்ணன் அந்த வேலையைச் செய்தார். எங்கள் பக்கத்தில் யாருக்காவது சீக்கு என்றாலோ, போன ஆள் திரும்பவில்லை என்றாலோ, நேர்ந்துகொண்டு ஒரு கை உப்பும் மிளகும் கொண்டுபோய் அந்தோணியார் குருசடியில் போடுவோம். அண்ணனும் செல்வினுக்காக நேர்ந்துகொண்டிருக்கிறார். குருசடிக்குப் போகிற வழியில், அங்கே போடுகிறதைப் பிள்ளையின் வாசலிலேயே போட்டால் இன்னும் பக்கம்தானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மைனி அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்த நேரம், உள்ளே வந்து, கைநிறையக் கல் உப்பைக் கீழ் அறை வாசலில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, காப்பிக்கும் நிற்காமல் போய்விட்டார்.

மத்தியானம் என்னை மைனி கூப்பிட்டாள், அந்தக் குரலில் அவள் என்னை எப்போதும் கூப்பிட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், வாசலில் உள்ளங்கையளவு இடத்தில் பனி முழுக்க இற்று, கூழாகி, தண்ணீராகி, சருவச்சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பொத்திப் பொத்திப் பூசிய வெள்ளைக்கல் பூச்சும் பிரிந்து, அடியில் டீத்தூள் மண் கறுப்பாகத் தெரிந்தது. யார் உப்பைப் போட்டது என்று தெரு முழுக்கக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். "ஒமக்கு அறிவு இருக்காவே? உப்புப் பட்டா ஐசு நிக்குமா? எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்லா" என்று வெரோணிக்காள் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். மஸ்கட்டில் இருக்கிற தன் மகனுக்குச் சுவடு விழாத வயிற்றெரிச்சலில்தான் செய்தார் என்றும் சிலர் சொன்னார்கள். அண்ணன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அவர் அழுதார் என்று அவர் மனைவி சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை நேரத்தில் பனி இறங்கியது. அந்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் அது நிற்கவில்லை, விழுந்த உடனே கரைந்தது. நாங்கள் துக்க தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லி முடிக்கும்போது மைனி பலகையின்மேல் குனிந்தாள், நாங்களும் குனிந்தோம். கறுப்பு மண் முடிந்து பனி தொடங்குகிற விளிம்பில் இரண்டு சின்னக் குழி, சப்பாத்தின் முனை மட்டும் பட்ட குழி. கதவு திறந்திருக்கிறது. பிள்ளை வெளியே வந்திருக்கிறான். உப்பு விழுந்த இடம் முடிகிறவரை வந்து, அதற்கு மேல் காலைத் தூக்கி வைக்க மாட்டாமல் நின்றுவிட்டு, திரும்பிப் போயிருக்கிறான். உள்ளே போய்ச் சன்னல் விளக்கைப் போட்டிருக்கிறான், கடுகளவு வெளிச்சம் மறுபடி தெரிந்தது.

மைனி எழுந்து, சுவரில் சாத்தியிருந்த சுளகை எடுத்துக்கொண்டு, நேரே ஆசீர்வாதம் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, உப்பு வேணும்."

அவர் கதவைத் திறந்து, தலையைக் குனிந்தபடியே, "தெரியாமச் செஞ்சிட்டேம்மா" என்றார்.

"தெரிஞ்சே செஞ்சாலும் சரிதான். நிறைய வேணும். ரோடு முழுக்கப் போடணும்."

உப்புக்கு எங்கள் தெருவில் பஞ்சமா. ஆனால் அதற்குள் பெண்கள் எல்லோரும் மைனியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருமுறை உப்பு ஏறிய தரையில் இனிமேல் பனி நிற்காது, பனி நிற்காவிட்டால் சுவடு விழாது, அது எல்லோருக்குமே தெரிந்துவிட்டது. நான்தான் அவள் கையைப் பிடித்தேன்.

"மைனி, அவசரப்படாதீங்க. போனும் எடுக்க மாட்டேங்கான். இது ஒண்ணுதான் இருக்கு. பாத்துக்கிட்டாவது இருக்கலாமே."

அவள் என் கையை விலக்கவில்லை. சுளகைப் பார்த்துக்கொண்டே, "நான் பாக்கதுக்கா பிள்ளை நடக்கான்?" என்று கேட்டாள்.

வெரோணிக்காள்தான் உரலைக் கழுவினாள். கல் உப்பு டீ வடிகட்டியில் இறங்காது, அதனால் குருணையாக இடித்து, புளிச் சல்லடையில் போட்டு, மைனி பலகைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். பனி அள்ளி அள்ளி விரல் வெடித்திருந்தது, அந்த விரலில் உப்புப் பட்டது, அவள் கையை உதறவில்லை. வாசலில் தொடங்கி, படியில், விளக்குக் கம்பத்தைச் சுற்றி, ரோட்டோரமாக, ஒரு அருள்நிறைந்த மரியேவுக்கு ஒரு தட்டாக, முதலில் பனியைத் தூவினாளே அதே மாதிரி, அதே உயரத்திலிருந்து, உப்பைத் தூவினாள். நாங்கள் மறுமொழி சொன்னோம். பாதை அவள் கைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டே வந்தது. கூழ் கரைந்தது, நார்ப்புல் படுத்தது, சிப்பி நடைபாதை பளபளவென்று கழுவிவிட்ட மாதிரி வெளியே வந்தது. கடைசியில் கண்ணாடிக் கொட்டகைக்குள், சூசையப்பர் காலடியிலும் ஒரு சிட்டிகை தூவிவிட்டு, சல்லடையைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் நாங்கள் வந்தோம், ஜெபம் சொன்னோம், ஒன்றும் தெரியவில்லை. ஈர மண்ணும் கறுப்பு ரோடும் அப்படியே இருந்தன. போனானா, போகவில்லையா, விளிம்புவரை வந்து நின்றானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மைனி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து, அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா. வேலைக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன்."

"அப்படியாப்பா."

"நம்ம வாசல்லேருந்து பஸ் ஸ்டாப்வரைக்கும் யாரோ உப்புப் போட்டிருக்காங்கம்மா. இங்க பனிக்கு உப்புப் போடுறதுதான். ஆனா இங்க போடுறது நீலமா, ஒரு மாதிரி இருக்கும். இது நம்ம ஊர் உப்பு மாதிரி, குருணையா. ஒரு கல்லை எடுத்து வாயில வச்சுப் பாத்தேன்."

"சே, தெருவுல கிடக்கறத வாயில வைக்காதப்பா."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்புக்குள்ளேயே அது வேறாக மாறியது. மைனி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளை அழுது முடிக்கிறவரை, "உம், உம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள், மூடாத குழாயடியில் வாளி நிறைந்து அவள் காலடியில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். முட்டை பொரித்துச் சாப்பிட்டேன் என்றான். எத்தனை நாளாக வெளியே போகவில்லை என்று அவள் கேட்கவில்லை, எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. சப்பாத்து வாங்கினாயா என்று மட்டும் கேட்டாள்.

உப்புத் தண்ணீர் பலகை முழுக்க ஊறி, கிறிஸ்துமஸுக்குள் கூரையில் இருந்த பனியும் போய்விட்டது, குளிரும் போய்விட்டது. தங்கதுரை தன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டார், பூக்காரி பூவை எடுத்துக்கொண்டாள், வெரோணிக்காள் மறுபடி ஐசுக்காரனோடு சண்டை போடத் தொடங்கினாள். பாலன் பிறந்த அன்று, பூசை முடிந்து தெருவே கேக்கும் முறுக்குமாக இருக்கும்போது, மைனி வீட்டில் சூசையப்பர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பனி இல்லாத பஸ் நிறுத்தத்தில், விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் இல்லாததால் யாரும் வரவில்லை. மைனியும் யாரையும் கூப்பிடவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் குடிலைப் பிரித்தோம். மைனி பிரிக்கவில்லை. பீரோவின் மற்றக் கதவையும் கழற்றி, கொட்டகை இருக்கிற பக்கமாக முதல் பலகையோடு சேர்த்துப் போட்டாள். நான் போனபோது பேப்பர் ஊறிக்கொண்டிருந்தது, மைதாப் பசை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன மைனி இது?"

"இங்கன வரைக்குந்தான் தரை செஞ்சேன். பஸ் ஏறி அதுக்கு மேல போறானே."

"பஸ் எங்க போகுதுன்னு நமக்குத் தெரியாதே."

"தெரியாதுதான். எங்கேயாவது இறங்குவான்லா. இறங்குற இடத்துல தரை இருக்க வேண்டாமா?"

அதனால் இப்போது எங்கள் தெருவில் யாரும் டீத்தூள் சக்கையைக் கொட்டுவதில்லை. முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்து, பொட்டலமாகக் கட்டி மைனி வீட்டு வாசலில் வைத்துவிடுகிறோம். ஆசீர்வாதம் அண்ணன் உப்பளத்திலிருந்து பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து போடுகிறார், மஸ்கட் மண் ஒட்டிய தன் பீரோக் கதவையும் கொடுத்துவிட்டார். முன்னறை நிறைந்தது, நடை நிறைந்தது, போன மாதம் தரை வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. மேடும் பள்ளமுமாக, நடுவில் ஒரு பாதையோடு, பாதையோரம் நார்ப்புல்லோடு, குருசடிப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மழை பெய்து கரைந்தால் மறுநாள் மறுபடி பூசுகிறாள். செல்வின் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறான், வருகிறேன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் கடைசிப் பலகையின் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, டீத்தூளைத் தூவிக்கொண்டே மைனி ஜெபமாலை சொல்கிறாள், வீட்டில் பிள்ளைகளுக்கு விளக்குப் போட எழுந்துபோன தாய்மார் போக மீதி இருக்கிறவர்கள் மறுமொழி சொல்கிறோம், சில நாள் நான் மட்டும்தான். மீன் வண்டி வந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வந்தாலும், பலகை இருக்கிற இடத்தில் எல்லோரும் ஒதுங்கிச் சுற்றித்தான் போகிறார்கள். அதை இன்னும் யாரும் மிதித்ததில்லை.